கடலடியைக் காட்டும் கலையும் தொழினுட்பமும்

மாணவர்களே, நெடுந்தீவில் முருகைக்கற்களால் அடுக்கப்பட்ட மதில்களைக் காணலாம். அக்கற்கள் கடலில் வாழ்ந்த சிறு உயிரினங்களின் எச்சங்களாகும். உயிருள்ள முருகைக் கற்பாறைகள் மீன்களுக்கு உறைவிடமாக உள்ளன. காடு அழிந்தால் கண்ணுக்குத் தெரியும். கடலடி அழிந்தால் தெரிவதில்லை. அதனைக் காட்டவே கலையும் தொழினுட்பமும் துணைபுரிகின்றன.

கலை: 2020 ஆம் ஆண்டில் இலங்கைக் கடற்படையினர் காலியிலும் திருகோணமலையிலும் நீரடி அருங்காட்சியகங்களை அமைத்தனர். அங்குள்ள சிற்பங்கள் சுழியோடிகளைக் கவர்கின்றன. அவற்றின்மீது முருகை ஒட்டி வளரவும் மீன்கள் ஒதுங்கவும் முடியும்.

தொழினுட்பம்: செய்மதிகள் கடல் மேற்பரப்பின் வெப்பநிலையை அளவிடுகின்றன. நீர் அளவுக்கு மிஞ்சி வெப்பமடையும்போது முருகை தன்னுள் வாழும் அல்காக்களை வெளியேற்றி வெளிறுகின்றது. 1998 இல் இலங்கையின் பல பகுதிகளில் முருகை இவ்வாறு வெளிறி இறந்தது. ஒரே இடத்தில் ஆண்டுதோறும் எடுக்கும் நீரடி ஒளிப்படங்களை ஒப்பிட்டால் இம்மாற்றம் புலனாகும்.

எனினும் விழிப்புணர்வு மட்டும் போதாது. இழுவைமடிகள் கடலடியை வாரிச் செல்வதை வடபகுதிக் கடற்றொழிலாளர் நீண்டகாலமாக எடுத்துரைத்தனர். 2017 இல் இலங்கையில் அம்முறை சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. ஆயினும் பாக்கு நீரிணையில் எல்லை தாண்டி வரும் இழுவைப் படகுகளால் அழிவு தொடர்கின்றது.

பரீட்சைக் குறிப்பு: "கடலைக் காப்போம்" என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். எது அழிகின்றது, எதனால் அழிகின்றது, அதனை எவ்வாறு காட்டலாம், காட்டிய பின் என்ன செய்யவேண்டும் என்னும் நான்கையும் வரிசையாக எழுதுங்கள்.