புழு தின்ற பக்கங்கள்

1952இல் நியூயார்க் வந்து இறங்கிய எரிக் கார்லின் கையில் இருந்தது 40 டாலர்தான். ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் வரைகலை படித்தவர். லியோ லியோனி என்ற மூத்த வடிவமைப்பாளர் கைகொடுக்க, ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளிதழில் வேலை கிடைத்தது.

பிறகு விளம்பரத் துறை. அங்கே ஒரு விளம்பரத்துக்கு அவர் செய்த சிவப்புச் சிங்கி இறால், எழுத்தாளர் பில் மார்ட்டின் கண்ணில் பட்டது. தன் குழந்தைப் பாடலுக்கும் இவரே படம் போடட்டும் என்றார். 1967இல் அது ‘பழுப்புக் கரடி’ என்ற புத்தகமாக வெளிவந்தது.

மெல்லிய டிஷ்யூ காகிதத்தில் வண்ணம் பூசி, வெட்டி ஒட்டுவது கார்லின் பாணி. ஒருநாள் காகிதக் கட்டில் பஞ்சிங் மெஷினால் ஓட்டை போட்டபோது, புத்தகப் புழு ஒன்று மனதில் நெளிந்தது. புழுவுக்குப் பதில் கம்பளிப்பூச்சி என்றால் என்ன என்று கேட்டவர் பதிப்பாசிரியர் ஆன் பெனடூஸ். நல்ல யோசனை, புழு பட்டாம்பூச்சியாகாதே!

ஆனால் கம்பளிப்பூச்சி தின்றதுபோல் துளை விழுந்த, அகலம் மாறுகிற பக்கங்களை அச்சிட அமெரிக்காவில் கட்டுப்படியாகவில்லை. ஜப்பானில் அச்சாகி 1969இல் வந்த அந்தப் ‘பசித்த கம்பளிப்பூச்சி’, இதுவரை 5 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது.