குழாய் வழியே ஏறி வரும் எலி

கதவடியில் இடுக்கு இல்லை, ஜன்னல்களுக்கு வலை அடித்தாயிற்று. ஆனாலும் மூன்றாம் மாடிக் குளியலறையில் எலி! இப்படித் திகைப்பவர்கள் பார்க்க வேண்டியது வீட்டின் குழாய்களைத்தான்.

கழிப்பறைக் குழாயின் வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். 1775-இல் கடிகாரக் கைவினைஞர் அலெக்சாண்டர் கம்மிங் காப்புரிமை பெற்ற ஏற்பாடு இது. சாக்கடை வாயு மேலே வராமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். ஃப்ளஷ் செய்ததும் பாய்ந்து இறங்கும் நீர் தன் பின்னால் காற்றை இழுக்கும். காற்று வர வழியில்லை என்றால் வளைவில் நிற்கும் தண்ணீரையும் உறிஞ்சிக்கொண்டு போய்விடும். அதற்காகத்தான் வென்ட் பைப்பை மொட்டை மாடிக்கு மேல் திறந்து விடுகிறோம். அருமையான பொறியியல். ஆனால், வாயுவுக்காகச் செய்தது, எலிக்காக அல்ல.

சாக்கடை எலி ஏறக்குறைய மூன்று நிமிடம் மூச்சடக்கும். நான்கு அங்குலக் குழாய்க்குள் முதுகை ஒருபுறமும் கால்களை மறுபுறமும் ஊன்றிச் செங்குத்தாக ஏறும். வளைவுத் தண்ணீரை ஒரே முங்கில் கடந்துவிடும். மண்டை நுழைந்த துளையில் உடலும் நுழையும். விலா எலும்புகள் அமுங்கிக் கொடுக்கும். சுண்டெலிக்கு 6 மில்லிமீட்டர், எலிக்கு 12 மில்லிமீட்டர் இடுக்கே போதும். வாழ்நாள் முழுவதும் வளரும் முன்பற்களின் எனாமலில் இரும்பு கலந்திருக்கிறது.  பிளாஸ்டிக் ஜாலியெல்லாம் எலிக்கு ஒரு பொருட்டே இல்லை.

நம் ஊர்களில் பெருச்சாளி சாக்கடையில் குடியிருக்கும், கீழிருந்து வரும். வீட்டெலியோ தென்னை, கேபிள் வயர் என்று தொற்றி மேலிருந்து இறங்கும். உண்மையில், குழாய்க்கு உள்ளே வருவதைவிடக் குழாயைச் சுற்றி வருவதே அதிகம். பைப் பதிக்கவும் ஏசி மாட்டவும் சுவரை உடைத்துவிட்டுப் பூசாமல் விட்ட இடுக்குதான் எலியின் ராஜபாட்டை.

எலி வந்ததும் மருந்து வைப்பதுதான் நம் வழக்கம். 2024 நவம்பரில் குன்றத்தூர் அருகே வீட்டில் வைத்த எலி மருந்தின் நெடியால் இரண்டு குழந்தைகள் இறந்துபோனார்கள். நினைக்கவே நெஞ்சு பதறுகிறது. மருந்து வைத்தாலும் வழி திறந்தே இருந்தால், செத்த எலியின் இடத்துக்கு இன்னொன்று வரும். எலியின் சிறுநீர் எலிக்காய்ச்சலைப் பரப்பும் என்பதால் சும்மா இருக்கவும் முடியாது. ஆகவே, வழியை அடைப்பதே முதல் வேலை.

வென்ட் பைப் வாயில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி வலையை இறுகக் கட்டுங்கள். கண் நெருக்கமாக இருந்தால் செப்டிக் டேங்க் கொசுவும் வெளியே வராது. நைலான் வலை வேண்டாம், கடித்துவிடும். குழாயைச் சுற்றிய இடுக்கில் எஃகு நாரைத் திணித்து மேலே சிமெண்ட் பூசுங்கள். குளியலறைத் தரையில் தண்ணீர் வடியும் நஹானி டிராப்பின் மூடி, திருகி மாட்டும் உலோக மூடியாக இருக்கட்டும். புழங்காத குளியலறையில் வாரம் ஒரு வாளி தண்ணீர் ஊற்றுங்கள். வளைவு காய்ந்தால் வாயு, கரப்பான், எலி எல்லாவற்றுக்கும் பாதை திறந்துவிடும். அடுத்த முறை பிளம்பர் வரும்போது அவரை மொட்டை மாடிக்கும் ஒரு நடை அழைத்துப் போங்கள்.