புத்தகக் கடைக்காரரின் பீரங்கிகள்

பாஸ்டனில் புத்தகக் கடை வைத்திருந்த ஹென்றி நாக்ஸ், பீரங்கி வித்தையைக் கற்றது பெரும்பாலும் கடை அலமாரியிலிருந்த நூல்களிலிருந்துதான். வேட்டைத் துப்பாக்கி விபத்தில் இடக்கையின் இரு விரல்கள் போயின. அந்தக் கையைக் கைக்குட்டையால் மறைத்துக்கொள்வார்.

1775 குளிர்காலம். அமெரிக்க விடுதலைப் போர்; பாஸ்டன் பிரிட்டிஷ் படையின் பிடியில். அவருக்கு வயது 25. டைகண்டரோகா கோட்டையிலிருந்து சுமார் 60 டன் பீரங்கிகளைப் பனிச்சறுக்கு வண்டிகளில் ஏற்றி, மாடுகளும் குதிரைகளும் இழுக்க, பாஸ்டன் அருகேவரை ஏறத்தாழ 300 மைல் கொண்டுவந்தார். ஹட்சன் ஆற்றில் பனி உடைந்து ஒரு பீரங்கி உள்ளே போயிற்று. ஆல்பனி ஊர்க்காரர்கள் கைகொடுக்க, அதையும் மேலே இழுத்துவிட்டார்!

1776 மார்ச்சில் ஒரே இரவில், பாஸ்டனைப் பார்த்து நிற்கும் டார்செஸ்டர் குன்றுகள்மேல் அந்தப் பீரங்கிகள் ஏறின. 17-ஆம் தேதி பிரிட்டிஷ் படை பாஸ்டனை விட்டுக் கப்பலேறியது.

பின்னாளில் நாக்ஸ், அமெரிக்க அதிபர் வாஷிங்டனின் அரசில் போர்த்துறைச் செயலர். போர்க்களங்களில் தப்பியவரின் உயிரை 1806-இல் வாங்கியது, விழுங்கிய ஒரு கோழி எலும்பு.