ரத்தப் புற்றுநோயில் முறிவுகளைத் தேடும் வரைபடம்

தியாகதுருகத்தில் சேலம் பஸ் ஏறினால் கள்ளக்குறிச்சி, சின்னசேலம், தலைவாசல், ஆத்தூர் என்று ஊர்ப் பலகைகள் வரிசையாக வரும். சின்னசேலத்துக்கு அடுத்துத் திண்டிவனம் பலகை நின்றால்? சாலையை எங்கோ வெட்டி வேறு சாலையோடு ஒட்டிவிட்டார்கள் என்று தெரிந்துவிடும். ஆப்டிகல் ஜீனோம் மேப்பிங் என்ற சோதனை புற்றுச்செல்லின் டி.என்.ஏ.வை இப்படித்தான் படிக்கிறது.

ரத்தத்திலிருந்தோ எலும்பு மஜ்ஜையிலிருந்தோ டி.என்.ஏ.வை முடிந்தவரை அறுபடாமல் நீள இழைகளாக எடுக்கிறார்கள். சி-டி-டி-ஏ-ஏ-ஜி என்ற 6 எழுத்து வரும் இடமெல்லாம் ஒளிரும் சாயம் ஒட்டுகிறது. சுருண்ட இழை, சிப்பில் உள்ள நுண்ணிய வாய்க்கால்களில் நுழைந்து நேராக நீள்கிறது. கேமராவில் தெரிவது ஒரு நீலக் கோடு, அதன்மேல் பச்சைப் புள்ளிகள். புள்ளிகளின் இடைவெளி குறைந்திருந்தால் துண்டு ஒன்று காணாமல் போயிருக்கிறது. 9-வது குரோமோசோமின் வரிசை நடுவழியில் 22-வதன் வரிசையாக மாறினால், அது நாள்பட்ட மைலாய்ட் லுக்கீமியா என்ற ரத்தப் புற்றுநோயில் காணும் இடமாற்றம். இதன் அடையாளமான குட்டைக் குரோமோசோம் 1960-இல் பிலடெல்பியாவில் கண்ணில் பட்டது. அது இரண்டு குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொண்டதன் விளைவு என்று 1973-இல் ஜேனட் ரௌலி காட்டினார். அந்த முறிவால் உருவாகும் புரதத்தையே குறிவைத்த இமாடினிப் மாத்திரை 2001-இல் வந்தது.

முறிவு எது என்று தெரிந்தால் மருந்தே மாறிவிடும். நம் பக்கத்திலேயே சான்று இருக்கிறது. 15, 17-ஆம் குரோமோசோம்கள் இடம் மாறுவதால் வரும் ஏ.பி.எல். என்ற லுக்கீமியாவுக்கு, வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் 1998 முதல் ஆர்சனிக் ட்ரையாக்சைடையே முதன்மை மருந்தாகக் கொடுத்தார்கள். பெரும்பாலோருக்கு நோய் தணிந்து, பல ஆண்டுகள் நலமாக இருந்தார்கள். இந்த வகையில் ரத்தக்கசிவு உயிரையே பறிக்கும் என்பதால், சந்தேகம் எழுந்தவுடன், சோதனை முடிவு வருமுன்பே சிகிச்சை தொடங்கிவிடுவார்கள்.

குரோமோசோம்களை நுண்ணோக்கியில் பார்க்கும் பழைய கேரியோடைப் சோதனைக்குப் பிரியும் செல்களை வளர்க்க வேண்டும். சுமார் 50 லட்சம் எழுத்துகளுக்குக் குறைவான மாற்றம் அதில் தப்பிவிடும். ஃபிஷ் சோதனை, தேடச் சொன்ன முறிவை மட்டுமே தேடும். புதிய வரைபடமோ சில ஆயிரம் எழுத்து மாற்றத்தையும் ஒரே ஓட்டத்தில் பிடிக்கிறது. ஆனால் ஒற்றை எழுத்துப் பிழை இதற்குத் தெரியாது. அதற்கு சீக்வென்சிங்தான் வேண்டும்.

உங்கள் வீட்டில் யாருக்காவது ரத்தப் புற்றுநோய் என்று சந்தேகித்து ஜிப்மருக்கோ வேலூருக்கோ போகச் சொன்னால், ஸ்டீராய்டு தொடங்குமுன் மஜ்ஜை சாம்பிள் எடுத்தாயிற்றா என்று டாக்டரிடம் கேளுங்கள். மருந்து செல்களைக் கரைத்துவிட்டால் முறிவைத் தேடுவது கடினமாகிவிடும்.