பேத்தி தூங்கும்போது ஹீட்டரும் தூங்கட்டும்!

டிசம்பர் பிறந்துவிட்டால் ஊட்டியில் இரண்டு விதமான குளிர். சுற்றுலா வந்தவர்கள் ஸ்வெட்டர் போட்டு, சூடாக டீ குடித்து, போட்டோ எடுத்து ரசிக்கும் குளிர் ஒன்று. இரவு பத்து மணிக்குத் தரையில் கால் வைக்க முடியாமல், தாத்தாவும் பேத்தியும் கம்பளிக்குள் சுருண்டு கிடக்கும் குளிர் இன்னொன்று. காந்தல், தலைகுந்தா பக்கம் விடிகாலையில் புல்வெளி உறைபனியில் வெள்ளையாகக் கிடக்கும்.

இந்தக் குளிருக்கு இரும்புச் சட்டியில் கரி மூட்டி அறைக்குள் வைத்துக்கொள்ளும் பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. கதவு, ஜன்னல் சாத்திய அறையில் கரி கனன்றால் கார்பன் மோனாக்சைடு வாயு சேரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குபவர் விழிக்காமலே போய்விடலாம். மலை ஊர்களில் அப்படி உயிர்கள் போயிருக்கின்றன. அதனால்தான் பலரும் மின்சார ஹீட்டருக்கு மாறுகிறார்கள். நல்ல மாற்றம்தான். ஆனால், இதற்கும் சில கட்டுப்பாடுகள் உண்டு.

முதலில் பிளக் பாயின்ட்

ஹீட்டர் வாங்கும் முன் வீட்டுச் சுவரைப் பாருங்கள். 2,000 வாட்ஸ் ஹீட்டர் ஏறக்குறைய 9 ஆம்பியர் மின்சாரம் இழுக்கும். செல்போன் சார்ஜர் போடும் சின்ன பாயின்ட் 6 ஆம்பியருக்கானது. ஃபிரிட்ஜ், கெய்சருக்குப் போடுகிற பெரிய மூன்று பின் பாயின்ட் 16 ஆம்பியர். 2,000 வாட்ஸ் ஹீட்டருக்கு அதுதான் சரி. பெரிய பின்னைச் சின்ன பாயின்டில் நுழைக்க கன்வெர்ட்டர் வாங்கிப் போடுவது வம்பை விலைக்கு வாங்குவது.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் வேண்டாம். மெல்லிய ஒயர் சூடாகி, மேலுறை உருகித் தீப்பிடிக்கலாம். ஒயரைக் கம்பளத்துக்கு அடியில் ஓட்டுவதும் அதே ஆபத்துதான். அரை மணி நேரம் ஓடியதும் சுவிட்சை அணைத்துவிட்டு பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடோ, கருகிய வாடையோ இருந்தால் அன்றோடு ஹீட்டரை நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும்.

மூன்று அடி தூரம்

கட்டில், திரைச்சீலை, சோபா, செய்தித்தாள் எல்லாமே ஹீட்டரிலிருந்து மூன்று அடியாவது தள்ளி இருக்க வேண்டும். மழையும் பனியுமாக இருக்கும் ஊரில் துணி காய்வது பெரும்பாடுதான். அதற்காகப் பள்ளிச் சீருடையை ஹீட்டர் மேல் விரித்துப் போடக் கூடாது. ஹீட்டரைக் குளியலறைக்குள்ளும் கொண்டுபோகக் கூடாது.

சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போன பெரியவர்களிடம் கூடுதல் கவனம் தேவை. தோல் சுடுவதே அவர்களுக்குத் தெரியாது. தவழும் குழந்தையோ நாய், பூனையோ இருக்கும் அறையில் பெரியவர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும்.

எதை வாங்கலாம்?

விலை கூடினால் சூடும் கூடும் என்று நினைக்க வேண்டாம். சுருளோ, ஹாலஜனோ, எண்ணெய் ஹீட்டரோ, ஒரு யூனிட் மின்சாரத்துக்குக் கிடைக்கும் வெப்பம் ஒன்றுதான். அது வந்து சேரும் விதம்தான் வேறு. ஹாலஜன் எதிரே உட்கார்ந்தவரை உடனே சுட வைக்கும். அணைத்தால் உடனே குளிரும். ஃபேன் வைத்தது சின்ன அறையைச் சீக்கிரம் சூடாக்கும், சத்தம் இருக்கும். எண்ணெய் நிரப்பியது மெதுவாகத்தான் சூடேறும். ஆனால் அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் கதகதப்பு தரும். படுக்கையறைக்கு அது வசதி.

எதை எடுத்தாலும் ஐ.எஸ்.ஐ. முத்திரை, சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட், கவிழ்ந்தால் தானே அணையும் வசதி மூன்றும் இருக்கிறதா என்று கடையிலேயே கேளுங்கள்.

‘ஹீட்டர் ஆக்ஸிஜனைக் குடித்துவிடும்’ என்பார்கள். மின்சார ஹீட்டரில் எதுவும் எரிவதில்லை. அதனால் ஆக்ஸிஜன் செலவாவதும் இல்லை. சூடேறிய காற்று வறண்டிருப்பதால்தான் தொண்டையும் சருமமும் காய்கின்றன. இருந்தாலும், நான்கு பேர் மூச்சு விடும் அறையில் புழுக்கம் சேராமல் இருக்க ஜன்னலைக் கொஞ்ச நேரம் திறந்து மூடுவது நல்லது.

பில் எகிறாமல் இருக்க...

2,000 வாட்ஸ் ஹீட்டர் முழு வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் 2 யூனிட். தினமும் நான்கு மணி நேரம் என்றால் இரண்டு மாத பில்லில் 480 யூனிட் சேரும். பயன்பாடு கூடக் கூட யூனிட் விலையும் ஏறும். படுக்கும் முன் ஒரு மணி நேரம் மட்டும் போட்டால் 120 யூனிட்டோடு முடிந்துவிடும்.

ஒரு மணி நேரம் போதுமா? சூடு வெளியே போகாமல் பார்த்துக்கொண்டால் பெரும்பாலும் போதும். வீடு முழுக்கச் சூடாக்காமல் எல்லோரும் இருக்கும் ஒரே அறையைத் தேர்ந்தெடுக்கலாம். கதவின் அடி இடுக்கில் பழைய துணியைச் சுருட்டி வைக்கலாம். பொழுது சாயும்போதே தடித்த திரையை இழுத்துவிடலாம். தரையில் பாய் அல்லது ஜமுக்காளம் விரித்தால் பாதம் சில்லிடாது. மனிதரைச் சூடாக வைப்பது, அறையைச் சூடாக்குவதைவிட மலிவு. காலுறை, குல்லா, கம்பளி முதலில், ஹீட்டர் பிறகு.

ஆக, இரவு ஒன்பது மணிக்கு ஹீட்டர் போடட்டும். கதை கேட்டுக்கொண்டே பேத்தி கண் அசரட்டும். பத்து மணிக்குத் தாத்தா சுவிட்சை அணைத்து, பிளக்கையும் உருவிவிட்டுப் படுக்கட்டும். கம்பளிக்குள் அடைந்த சூடு விடியும்வரை தாங்கும். வீட்டில் எல்லோரும் தூங்கும் நேரத்தில் ஹீட்டர் மட்டும் விழித்திருக்க வேண்டியதில்லை.