பயணத்தில் இதையெல்லாம் அடக்காதீர்கள்!

லீவு விட்டாச்சு. ‘எங்கேயாவது கூட்டிட்டுப் போங்கப்பா’ என்று பிள்ளைகள் நச்சரிக்க ஆரம்பித்திருப்பார்கள். நீங்களும் கார் ஏற்பாடு செய்து, கோயமுத்தூர், ஊட்டி, முதுமலை என்று பட்டியல் போட்டிருப்பீர்கள். நல்ல விஷயம்தான். போய் வாருங்கள். போவதற்கு முன்னால் இந்த வைத்தியன் சொல்வதைக் கொஞ்சம் கேளுங்கள்.

சில வருடங்களுக்கு முன்னால் நாங்களும் இதே வழியில்தான் போனோம். திருச்சியில் விடியற்காலை மூன்று மணிக்குக் கிளம்பினோம். கரூர் தாண்டி டீ குடிக்க நிறுத்தியபோது என் மனைவி ஒரு வாய் தண்ணீர்கூட குடிக்கவில்லை. கேட்டதற்கு, “வேண்டாங்க, அப்புறம் வழியிலே எங்கே போறது?” என்றாள். நான் சிரித்துவிட்டு வண்டியை எடுக்கச் சொன்னேன். ஊட்டி லாட்ஜுக்குப் போய்ச் சேரும்வரை அவள் தண்ணீரும் குடிக்கவில்லை, சிறுநீரும் கழிக்கவில்லை. அடுத்த இரண்டு நாளும் இதே கதைதான்.

வீடு திரும்பிய மறுநாள் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், இடுப்பில் தாங்க முடியாத வலி. சிறுநீர்ப் பாதையில் ஏற்பட்ட தொற்று சிறுநீரகம்வரை ஏறிவிட்டது. ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்து ஊசி மருந்து ஏற்றிய பிறகுதான் சரியானது.

‘வேகங்களை அடக்காதே’ என்று நோயாளிகளுக்கு வருடக்கணக்கில் உபதேசம் செய்தவன், சொந்த மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தக் குற்ற உணர்வில்தான் இதை எழுதுகிறேன்.

அதென்ன வேகம்?

பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த முக்கியமான பாடம் இது. உடம்பில் இயற்கையாக எழும் உந்துதல்களை ‘வேகங்கள்’ என்று சித்தர்கள் சொன்னார்கள். மொத்தம் 14. சிறுநீர், மலம், பசி, தாகம், தூக்கம், கொட்டாவி, வாந்தி, தும்மல், இருமல் எல்லாம் இதில் அடக்கம். இவற்றை அடக்கினால் வாதம் கெட்டு நோய் வரும் என்பது சித்த மருத்துவக் கருத்து. வீட்டில் இருக்கும்போது நாம் இவற்றை அதிகம் அடக்குவதில்லை. காரில் ஏறிவிட்டால் பாதியை அடக்கிவிடுகிறோம்!

தாகமும் சிறுநீரும்

தண்ணீர் குறைந்தால் சிறுநீர் குறையும். உள்ளே புகும் கிருமிகளை அடித்து வெளியேற்ற வழியில்லாமல் போகும். தேங்கி நிற்கும் சிறுநீரில் கிருமிகள் பெருகும். பெண்களுக்குச் சிறுநீர்த் தாரை நீளம் குறைவு என்பதால் தொற்று எளிதில் ஏறும்.

ஆகவே, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டியை நிறுத்துங்கள். சுத்தமான கழிப்பறை உள்ள ஓட்டல், பெட்ரோல் பங்க் பார்த்து நிறுத்துவது குடும்பத் தலைவரின் பொறுப்பு. பெண்கள் வாய்விட்டுக் கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

வழியில் பார்க்க வேண்டிய சின்ன இடங்களையே ஓய்விடமாக்கிக் கொள்ளலாம். கோயமுத்தூரில் 1902-இல் தொடங்கிய காஸ் வன அருங்காட்சியகம் இருக்கிறது. மர வகைகள், விதைகள், பாடம் செய்த விலங்குகள் எல்லாம் பார்க்கலாம். குன்னூரில் 1874-இல் உருவான சிம்ஸ் பூங்கா. அரை மணி நேரம் நடந்தால் கால் வீக்கமும் இடுப்புப் பிடிப்பும் குறையும்.

நீலகிரியில் பிளாஸ்டிக் பாட்டில் தண்ணீருக்குத் தடை உண்டு. சீரகம் போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீரை எவர்சில்வர் பாட்டிலில் எடுத்துக் கொள்ளுங்கள்.

வாந்தி

ஊட்டிக்கும் மசினகுடிக்கும் இடையிலான கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். உடம்பு திரும்புவதைக் காது உணர்கிறது. காருக்குள்ளேயே பார்த்துக் கொண்டிருக்கும் கண்ணோ ‘அசைவில்லை’ என்கிறது. இந்தக் குழப்பம்தான் குமட்டல்.

செல்போன் பார்க்கும் பிள்ளைகளுக்கு இது அதிகம். போனை வாங்கி வைத்துவிட்டு, தூரத்து மலையைப் பார்க்கச் சொல்லுங்கள். பெரியவர்கள் ஒரு சிறு துண்டு சுக்கை வாயில் அடக்கிக் கொள்ளலாம். குழந்தைகளுக்கு இஞ்சிச் சாறு சில துளி தேனில் குழைத்துக் கொடுக்கலாம் (ஒரு வயதுக்குள் தேன் கூடாது). அப்படியும் வாந்தி வந்தால் அடக்கச் சொல்லாதீர்கள். ஓரமாக நிறுத்தி எடுக்க விடுங்கள்.

பசியும் தூக்கமும்

‘அங்கே போய்ச் சாப்பிட்டுக்கலாம்’ என்று தள்ளிப் போடாதீர்கள். முக்கியமாக, சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் வேளை தவறினால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும். கையில் இரண்டு வாழைப்பழம், கொஞ்சம் சர்க்கரை எப்போதும் இருக்கட்டும். பரோட்டாவைவிட வீட்டிலிருந்து கொண்டு போகும் பொடி தடவிய இட்லி ஆயிரம் மடங்கு மேல்.

தூக்கத்தை அடக்குவதுதான் எல்லாவற்றிலும் ஆபத்து. வண்டி ஓட்டுபவர் கொட்டாவி விட்டால் அது உடம்பு அடிக்கும் மணி! நிறுத்திவிட்டு இருபது நிமிடம் தூங்கட்டும். எந்தச் சுக்குக் காப்பியும் தூக்கத்துக்கு ஈடாகாது.

காட்டுக்குள் நுழையும் முன்...

முதுமலைச் சாலையில் வண்டியை நிறுத்தி இறங்கக்கூடாது. யானையும் புலியும் இருக்கும் காடு. ஆகவே, மசினகுடியிலேயே எல்லோரும் கழிப்பறை போய்விட்டு வாருங்கள். அப்புறம் தெப்பக்காடு முகாமில் யானைகளுக்கு உணவு கொடுப்பதை நிம்மதியாகப் பார்க்கலாம். 2023-இல் ஆஸ்கர் வாங்கிய ஆவணப்படம் எடுத்த இடமும் இதுதான்.

ஊர் திரும்பிய பிறகு சிறுநீரில் எரிச்சல் இருந்தால் தண்ணீர், இளநீர் குடித்தபடி மருத்துவரைப் பாருங்கள். குளிர் காய்ச்சல், இடுப்பு வலி சேர்ந்துவிட்டால் கஷாயம் போட்டுக் கொண்டிருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரி! சித்த மருத்துவன் நானே சொல்கிறேன்.

இப்போதெல்லாம் நாங்கள் கிளம்பும்போது முதலில் குறித்துக் கொள்வது, பார்க்கப் போகும் இடங்களை அல்ல. நிறுத்தப் போகும் இடங்களைத்தான். கரூர் தாண்டியதும் என் மனைவி ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கிறாள். நான் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டுத்தான் வண்டியில் ஏறுகிறேன்.