கொடியை எரிப்பது குற்றமாக இருக்க வேண்டுமா?

தேசியக் கொடியை எதிர்ப்பின் அடையாளமாக எரிப்பது இந்தியாவில் சிறைத் தண்டனைக்குரிய குற்றம். தேசிய கௌரவத்தை அவமதிப்பதைத் தடுக்க 1971இல் இயற்றப்பட்ட சட்டத்தின் இரண்டாம் பிரிவு இதைச் சொல்கிறது. பொது இடத்திலோ, பொதுமக்கள் கண்ணில் படும்படியான வேறு இடத்திலோ கொடியை எரிப்பது, சிதைப்பது, கறைப்படுத்துவது, காலால் மிதிப்பது எல்லாமே அதற்குள் அடங்கும். பேச்சாலும் எழுத்தாலும் கொடியை இழிவுபடுத்தினாலும் குற்றமே. தண்டனை மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். 2003இல் சேர்க்கப்பட்ட திருத்தத்தின்படி, மறுபடியும் இதே குற்றத்தைச் செய்தவர் குறைந்தது ஓராண்டு சிறையில் இருந்தாக வேண்டும். அரசியல் சட்டத்தை எரிப்பவருக்கும் இதே பிரிவுதான்.

ஆனால் கொடிக்குத் தீ வைப்பதே தவறு என்று அரசு சொல்வதில்லை. 2002ஆம் ஆண்டின் இந்தியக் கொடி விதிமுறை, கிழிந்தோ அழுக்கேறியோ போன கொடியைத் தனிமையில், முழுமையாக, முடிந்தால் எரித்தே அழிக்க வேண்டும் என்கிறது. ஆக, அலுவலகத்தின் பின்புறத்தில் ஆளில்லாத நேரத்தில் எரித்தால் அது மரியாதை. முச்சந்தியில் கோஷம் போட்டுக்கொண்டு எரித்தால் குற்றம். துணிக்கு நேர்வது இரண்டு இடத்திலும் ஒன்றுதான். சட்டம் தண்டிக்க நினைப்பது அந்த நெருப்பின் வழியே சொல்லப்படும் சேதியை. கொடி எரிப்பைச் சுற்றி உலகெங்கும் நடக்கும் வழக்கு முழுவதும் இந்த ஒரு புள்ளியில்தான் நிற்கிறது: சேதியைச் சொன்னதற்காக ஒருவரைச் சிறையில் வைக்கலாமா?

எரித்துக் காட்டுவது தமிழ்நாட்டு அரசியலுக்குப் புதிதல்ல. மழை பொய்த்த ஊர்களில் கொடும்பாவி கட்டித் தெருத்தெருவாக இழுத்து, ஒப்பாரி வைத்துக் கொளுத்தும் வழக்கம் இருந்தது. கட்சிகள் அதை எடுத்துக்கொண்டன. பிரதமர், முதலமைச்சர், அண்டை மாநிலத் தலைவர் என்று கொடும்பாவி எரியாத ஆண்டே இல்லை. போலீசார் பாய்ந்து வந்து தண்ணீர் ஊற்றுவார்கள், பொம்மையைப் பிடுங்குவார்கள், எரித்தவர்களை வேனில் ஏற்றிக் கல்யாண மண்டபத்தில் வைத்து மாலையில் விட்டுவிடுவார்கள். நாட்டை ஆளும் மனிதரின் உருவத்துக்கு நெருப்பு வைத்தவர் பெரும்பாலும் பொழுது சாயும்முன் வீடு திரும்பிவிடுகிறார். கொடிக்கு மட்டும் மூன்றாண்டு என்றால், அந்த வேறுபாட்டுக்குக் காரணம் சொல்ல வேண்டிய கடமை சட்டத்துக்கு இருக்கிறது.

இந்தக் கேள்வியை இந்தியாவில் வெளிப்படையாக எழுப்பியவர் பெரியார். பள்ளிகளில் இந்தி கட்டாயமாக்கப்படுவதை எதிர்த்து, 1955 ஆகஸ்ட் 1 அன்று தேசியக் கொடியை எரிக்கும் போராட்டத்தைத் திராவிடர் கழகம் அறிவித்தது. கொடி அவமதிப்புக்கென்று தனிச் சட்டம் அன்று சென்னை மாநிலத்தில் இல்லை. முதலமைச்சர் காமராஜர் சட்டத்தைத் தேடவும் இல்லை. குறித்த நாளுக்கு முன்பே, மத்திய அரசின் சார்பிலும் மாநில அரசின் சார்பிலும், இந்தி கட்டாயமாக்கப்படாது என்று உறுதிமொழி கொடுத்தார். பெரியார் போராட்டத்தைத் தள்ளிவைத்தார். ஒரு கொடியும் எரியவில்லை. கேட்டவருக்கும் ஓரளவு கிடைத்தது, கொடுத்தவருக்கும் எதுவும் குறைந்துவிடவில்லை.

இரண்டே ஆண்டில் காட்சி மாறியது. சாதியைக் காக்கும் பிரிவுகளை அரசியல் சட்டத்திலிருந்து நீக்க வேண்டும் என்று கேட்டு, 1957 நவம்பர் 26 அன்று அரசியல் சட்டத்தை எரிக்கப்போவதாகத் திராவிடர் கழகம் அறிவித்தது. 1949இல் அரசியல் நிர்ணய சபை அந்தச் சட்டத்தை ஏற்றுக்கொண்ட அதே தேதி. இந்த முறை உறுதிமொழி வரவில்லை, சட்டம் வந்தது. கொடியையும் அரசியல் சட்டத்தையும் அவமதித்தால் மூன்றாண்டு வரை சிறை என்று சென்னைச் சட்டமன்றம் அவசரமாக ஒரு சட்டம் இயற்றியது. ஆனாலும் குறித்த நாளில் ஊர் ஊராக எரித்தார்கள். கழகத்தின் கணக்குப்படி சுமார் 3000 பேர் சிறைக்குப் போனார்கள். சிறையிலேயே சிலர் இறந்தார்கள். தண்டனை அச்சம் ஒரு போராட்டத்தைத் தடுக்கும் என்பவர்கள் இந்த நிகழ்வைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். தண்டனை என்ன என்று தெரிந்தேதான் அத்தனை பேரும் தீக்குச்சியை உரசினார்கள்.

1963 நவம்பரில் திராவிட முன்னேற்றக் கழகத்தின் முறை வந்தது. ஆட்சிமொழி பற்றிய 17ஆம் பகுதியை எரிக்கும் போராட்டத்தை அது அறிவிக்க, எரிப்பதற்கு முன்பே கைதான சி.என்.அண்ணாதுரைக்கு ஆறு மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அதே அண்ணாதுரை 1967 மார்ச்சில் முதலமைச்சராகி, அதே அரசியல் சட்டத்தின் பேரால் பதவிப் பிரமாணம் எடுத்துக்கொண்டார். சிறை அவரை மாற்றியது என்று யாரும் சொல்வதில்லை. வாக்குச்சீட்டு மாற்றியது என்பதே பொருந்தும். ஆனால் சட்டத்துக்கு இதில் பங்கே இல்லை என்றால் அது ஒருதலைப் பேச்சாகிவிடும். 1963 அக்டோபரில் வந்த 16ஆம் திருத்தம், இந்தியாவின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காக்கப் பேச்சுரிமையைக் கட்டுப்படுத்தலாம் என்று 19ஆம் பிரிவில் சேர்த்தது. தி.மு.க. திராவிட நாடு கோரிக்கையைக் கைவிட்டதில் அந்தத் திருத்தத்தின் நெருக்கடியும் சேர்ந்திருந்தது.

இந்தச் சூழலில்தான், சென்னைச் சட்டத்துக்கு 14 ஆண்டுகள் கழித்து, நாடாளுமன்றம் 1971ஆம் ஆண்டுச் சட்டத்தை நிறைவேற்றியது. அதில் ஒரு விளக்கம் உண்டு. கொடியையோ அரசியல் சட்டத்தையோ சட்டபூர்வமான வழியில் மாற்றுவதற்காகக் குறைகூறிப் பேசினால் குற்றமாகாது. கொடியின் நிறம் பிடிக்கவில்லை என்று கட்டுரை எழுதலாம். அந்தக் கருத்தைக் கொடியைக் கொளுத்திச் சொல்லக் கூடாது.

தடை வேண்டும் என்பவர்களின் வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. பழனியில் தைப்பூசம் பெரியநாயகி அம்மன் கோயிலிலும், பங்குனி உத்திரம் திருஆவினன்குடியிலும் கொடியேறிய பிறகுதான் தொடங்கும். கொடியேறிவிட்டால் ஊரின் நடைமுறையே மாறிவிடுகிறது. வெறும் துணிதானே என்று அங்கே யாரும் சொல்ல மாட்டார்கள். மூவர்ணக் கொடிக்குப் பின்னாலும் அப்படியொரு கனம் உண்டு. 1932 ஜனவரியில் திருப்பூரில் போலீசின் தடியடியில் விழுந்த குமரன் கொடியை விடாமல் பிடித்திருந்தார். அதே மாதம் 26ஆம் தேதி சென்னைக் கோட்டைக் கொடிமரத்தில் ஏறி மூவர்ணக் கொடியைப் பறக்கவிட்டார் ஆர்யா என்கிற பாஷ்யம். ஆட்சியையோ கட்சியையோ திட்ட ஆயிரம் வழி இருக்கும்போது, எல்லாக் கட்சிக்காரருக்கும் பொதுவான ஒன்றை எரிப்பது எதற்கு என்று அவர்கள் கேட்கிறார்கள். கூடியிருக்கும் கூட்டத்தின் கோபம் அடிதடியில் முடியும் என்பதும் அவர்களுடைய அச்சம். நியாயமான அச்சம்தான்.

மறுபக்கத்து வாதத்துக்குக் கொடைக்கானல் மலையடிவாரத்திலேயே சான்று இருக்கிறது. மலைப்பாதைக்குத் திரும்பும் வத்தலக்குண்டுதான் சுப்பிரமணிய சிவா 1884இல் பிறந்த ஊர். 1908இல் அவர் யாரையும் அடிக்கவில்லை, எதையும் கொளுத்தவில்லை. மேடையில் பேசினார். அரசின் மீது வெறுப்பை வளர்த்தார் என்று சொல்லி ராஜதுரோகச் சட்டப்படி பத்தாண்டு நாடுகடத்தல் விதித்தார்கள். மேல்முறையீட்டில் அது ஆறாண்டாகக் குறைந்தது. தொழுநோயோடு அவர் சிறையிலிருந்து வெளியே வந்தார். விடுதலைக்குப் பிறகும் அந்தப் பிரிவு தண்டனைச் சட்டத்தில் தொடர்ந்தது. ஆனால் 1962இல் கேதார்நாத் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதற்கு ஒரு வேலி போட்டது. வன்முறையையோ பொது ஒழுங்குக் குலைவையோ தூண்டினால்தான் ராஜதுரோகம்; அரசைக் கடுமையாக ஏசுவது மட்டும் குற்றமில்லை என்றது. கொடிச் சட்டத்தின் எழுத்தில் அப்படியொரு வேலி இல்லை. யாரும் தூண்டப்படாவிட்டாலும், ஒரு கல்கூட விழாவிட்டாலும், அவமதிப்பு நடந்ததே போதும். அரசை எதிர்த்துப் பேசுபவருக்குக் கிடைக்கும் பாதுகாப்பு, கொடியின் வழியே அதையே சொல்பவருக்குக் கிடைப்பதில்லை என்பது பொருத்தமற்ற நிலை.

நீதிமன்றங்கள் இதைச் சுற்றிச் சுற்றி வந்திருக்கின்றன. கேரளப் பள்ளியொன்றில் தேசிய கீதம் பாட மறுத்து, மரியாதையோடு எழுந்து மட்டும் நின்ற மூன்று பிள்ளைகளை வெளியேற்றியது தவறு என்று 1986இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தொழிலதிபர் நவீன் ஜிண்டாலின் வழக்கில், கொடியைப் பறக்கவிடுவது கருத்துரிமையின் பகுதி என்று 2004இல் சொன்னது. குடிமக்கள் ஆண்டு முழுவதும் வீட்டில் கொடி ஏற்றலாம் என்ற நிலை இன்று உறுதியாக இருப்பது அதனால்தான். ஆனால் அந்த உரிமை 1971ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு உட்பட்டது என்றும் அதே தீர்ப்பு கூறுகிறது. ஏற்றுவது ஒரு கருத்து என்றால், எரிப்பது மட்டும் எப்படிக் கருத்தில்லாமல் போகும் என்ற கேள்வி அங்கே தொங்கிக்கொண்டிருக்கிறது. 2021இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முன் வந்த வழக்கு இதைவிட வேடிக்கையானது. 2013 கிறிஸ்துமஸ் விழா ஒன்றில் கோயம்புத்தூரில் மூவர்ணமும் அசோகச் சக்கரமும் வரைந்த கேக்கை வெட்டிப் பகிர்ந்துகொண்டார்கள். அது கொடி அவமதிப்பு என்று புகார். நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் அதை ஏற்கவில்லை. கேக் சாப்பிட்டவர்களுக்கு நாட்டை இழிவுபடுத்தும் எண்ணம் இல்லை, எண்ணத்தைப் பார்க்காமல் குற்றம் சாட்ட முடியாது என்றார். இழிவு என்ற சொல்லை அளவில்லாமல் நீட்டினால் அது கேக் கத்தி வரை வந்துவிடும்.

அமெரிக்காவில் கதை நேர்எதிர். 1984இல் டாலஸ் நகரில் குடியரசுக் கட்சி மாநாட்டுக்கு வெளியே கொடியை எரித்த கிரிகரி ஜான்சனுக்கு டெக்சாஸ் மாநிலம் ஓராண்டு சிறையும் 2000 டாலர் அபராதமும் விதித்தது. 1989இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அதை ரத்து செய்தது. அப்போது 50 மாநிலங்களில் 48இல் கொடியைக் காக்கும் சட்டம் இருந்தது. அதே ஆண்டு நாடாளுமன்றம் புதுச் சட்டம் கொண்டுவர, 1990இல் அதுவும் அதே கணக்கில் விழுந்தது. அரசியல் சட்டத்தையே திருத்தும் முயற்சி 2006இல் செனட்டில் ஒரே ஓட்டில் தோற்றது. ஐரோப்பாவில் ஜெர்மனி மூன்றாண்டு வரை தண்டிக்கிறது. பிரிட்டனில் கொடிக்கென்று தனிக் குற்றமே இல்லை. ஜப்பானின் தண்டனைச் சட்டம் வெளிநாட்டுக் கொடியை அவமதித்தால் தண்டிக்கிறது, தன் சொந்தக் கொடிக்கு அப்படியொரு பிரிவு வைத்திருக்கவில்லை. ஹாங்காங் நீதிமன்றம் 1999இல் தடையை ஆதரித்தது. மக்களாட்சி நாடுகள் எல்லாம் ஒரே வழியில் போகின்றன என்று இரு தரப்பும் சொல்லிக்கொள்ள முடியாது.

கொடைக்கானல் இந்தக் கதையில் இன்னொரு விதத்திலும் வருகிறது. 1965இல் கைதான காஷ்மீர்த் தலைவர் ஷேக் அப்துல்லா அந்த மலையில்தான் நெடுங்காலம் காவலில் வைக்கப்பட்டிருந்தார். அப்போது அவருடைய மாநிலத்துக்கு, மூவர்ணத்தோடு சேர்ந்து பறக்கும் சிவப்பு நிறத் தனிக்கொடி இருந்தது. அவருடைய விசுவாசத்தைச் சந்தேகித்துத் தென்கோடி மலைக்கு அனுப்பிய அதே தில்லி, பேச்சு நடத்தி 1975இல் அவரை முதலமைச்சராக்கியது. காமராஜர் 1955இல் பிடித்த வழியும் இதுதான்.

எரிப்பதை முற்றாகச் சட்டபூர்வமாக்க இன்றைய நாடாளுமன்றம் முன்வராது. அதைவிடச் சிறிய மாற்றம் ஒன்று சாத்தியம். கேதார்நாத் தீர்ப்பின் அளவுகோலை இரண்டாம் பிரிவுக்குள் எழுதிவிடலாம்: வன்முறையையோ ஒழுங்குக் குலைவையோ தூண்டும் எண்ணமும் சாத்தியமும் இருந்தால் மட்டுமே சிறை. மற்றவருடைய கொடியைப் பிடுங்கி எரித்தால் அது திருட்டும் சொத்துச் சேதமும். நடுத்தெருவில் நெருப்பு மூட்டி மற்றவர் உயிருக்கு ஆபத்து உண்டாக்கினால் அதற்கும் தண்டனைச் சட்டத்தில் ஏற்கெனவே பிரிவு இருக்கிறது.

இந்த ஏற்பாடு நடைமுறைக்கு ஒத்துவருமா என்று சோதித்துப் பார்க்கத் தொலைவில் போக வேண்டியதில்லை. ஈழப் போரின் இறுதிக் காலத்திலும் அதன் பின்பும் தமிழ்நாட்டு ஆர்ப்பாட்டங்களில் இலங்கைக் கொடி எரிக்கப்பட்டது. 1971ஆம் ஆண்டுச் சட்டம் காப்பது இந்தியக் கொடியை மட்டுமே. எனவே அந்த எரிப்புகளைக் கையாளப் போலீசாரிடம் இருந்தவை சட்டவிரோதக் கூட்டம், போக்குவரத்துக்கு இடையூறு போன்ற சாதாரணப் பிரிவுகள்தான்.